பிஎச், வெப்பம், குளுட்டாதயோன்: நெல்லைப் பக்கத்து ஆய்வு மாணவர் எதை எடுப்பது?

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் எம்.பார்மும் எம்.எஸ்ஸி.யும் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் தலைப்போடு வரும்போது, பெரும்பாலும் அது மருந்தைச் சுமந்துபோய், ஒரு தூண்டல் பட்டதும் திறந்து மருந்தை விடும் நானோ துகளைப் பற்றியது; அந்தத் தலைப்பிலேயே இரண்டு மூன்று தூண்டல்கள் சேர்ந்து இருக்கின்றன. துகள் அமிலத்துக்கும் திறக்க வேண்டும், சூட்டுக்கும் திறக்க வேண்டும், முடிந்தால் காந்தத்துக்கும் நகர வேண்டும். அவர்கள் படித்த கட்டுரைகள் அப்படி. கையில் இருப்பதோ சில மாதங்கள், கரைசலில் மருந்து எவ்வளவு என்று ஒளியால் அளக்கும் ஒரு யூவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், ஒரு பிஎச் மீட்டர், காந்தக் கலக்கி, சென்ட்ரிஃப்யூஜ். துகளின் அளவைப் பார்க்கவே பல்கலைக்கழகத்துக்கோ மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த நிலைமையை வைத்துக்கொண்டு எந்தத் தூண்டலை எடுப்பது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாம் நல்லது, அவரவர் விருப்பம் என்று நான் முடிக்கப் போவதில்லை. எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது.

அடிப்படை எளிது. ஏறக்குறைய 50 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள பாலிமர் துகளுக்குள் மருந்தை ஏற்றுகிறோம். சுற்றுப்புறம் மாறும்போது பாலிமர் வீங்கும், சுருங்கும், கரையும், அல்லது அதன் பிணைப்பு அறுபடும்; மருந்து வெளியே வரும். அந்த மாற்றம் உடம்புக்குள்ளேயே இருப்பதாக இருக்கலாம்: அமிலத்தன்மை (பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்), செல்லுக்குள் நிறைந்திருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு, என்சைம். அல்லது நாம் வெளியிலிருந்து கொடுப்பதாக இருக்கலாம்: சூடு, ஒளி, காந்தப்புலம். உள்ளே இருக்கும் தூண்டலுக்குக் கருவி வேண்டாம், ஆனால் அது நாம் நினைத்த நேரத்துக்கு வேலை செய்யாது. வெளித் தூண்டலை நினைத்த நேரத்தில் கொடுக்கலாம், ஆனால் கருவியும் வேண்டும், நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வு செய்ய நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். துகள் திறந்தது இந்தத் தூண்டலால்தான், வேறு எதனாலும் இல்லை என்று நம் லேபிலேயே காட்ட முடியுமா? முடியும் என்றால் அந்தத் தலைப்பு உங்களுக்கு. முடியாது என்றால் அது எவ்வளவு பெரிய பத்திரிகையில் வந்த யோசனையாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

இதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொன்று, மருந்து எந்த வழியாக உள்ளே போகிறது என்பது. பத்துத் தலைப்பு வந்தால் பெரும்பாலானவை நரம்பில் ஊசி போட்டுப் புற்றுக்கட்டிக்குப் போகும் துகளைப் பற்றியவை. கட்டியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் ஒழுகும், அதனால் பெரிய மூலக்கூறுகள் அங்கே போய்த் தங்கும் என்று 1986-ல் மட்சுமுராவும் மயேதாவும் எழுதியதிலிருந்து இந்த நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் முந்தைய பத்தாண்டுகளில் வெளியான விலங்குச் சோதனைகளைத் திரட்டி 2016-ல் வாரன் சான் குழுவினர் கணக்குப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம்தான். மற்றதெல்லாம் கல்லீரல், மண்ணீரல் என்று போய்விடுகிறது. சோதனைக் குழாயில் பிஎச் 5-ல் 80 சதவீத மருந்து வெளியே வந்தது என்று நாம் காட்டும்போது, அந்த 5-ஐத் துகள் சென்றடையுமா என்ற கேள்வி தொடப்படாமல் அப்படியே நிற்கிறது. அதைத் தொட விலங்குக்கூடமும் செல் வளர்ப்பு வசதியும் பணமும் வேண்டும். அதனால்தான் வாய் வழியாகப் போகும் மருந்தையோ, புண்ணிலும் கண்ணிலும் நேரடியாக வைக்கும் மருந்தையோ எடுக்கச் சொல்கிறேன். துகள் போய்ச் சேரும் இடம் அங்கே சந்தேகத்துக்கு உரியதல்ல.

சரி, முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். "சார், பி-நிப்பாம் ரெடியா கிடைக்குதே, அதையே எடுத்துக்கிடலாமா?" என்று கேட்காத வருஷம் கிடையாது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. பி-நிப்பாம் என்று சுருக்கிச் சொல்லும் பாலி ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு தண்ணீரில் 32 டிகிரி வரை கரைந்து கிடக்கும். அதற்கு மேல் போனால் சங்கிலியைச் சுற்றி ஒட்டியிருந்த நீர் மூலக்கூறுகள் விலகி, சங்கிலி சுருண்டுவிடும். 1968-ல் ஹெஸ்கின்ஸும் கில்லெட்டும் இதை விவரித்தார்கள். கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும் மாற்றம் இது. தெளிந்த கரைசல் உள்ள குழாயை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் பால்போல் வெளுத்துவிடும், ஐஸில் வைத்தால் மறுபடி தெளிந்துவிடும். வேறு எந்தத் தூண்டலும் இவ்வளவு அழகாகத் தெரியாது.

ஆனால் அந்த 32-ஐ நம் ஊரில் வைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஏசி இல்லாத லேபில் மேசைமேல் வைத்த கரைசலே மாறுநிலையைக் கடந்து வெளுத்துத்தான் நிற்கும். மேலைநாட்டுக் கட்டுரையில் "அறை வெப்பநிலையில் ஒரு இரவு மருந்தை ஊற வைத்தோம்" என்று இருந்தால், அது 20, 25 டிகிரியைச் சொல்கிறது. அங்கே துகள் விரிந்து மருந்தை உள்ளே வாங்குகிறது. இங்கே அதே இரவில் துகள் சுருங்கிக் கிடக்கிறது, மருந்து உள்ளே போகாது. உப்புக்கரைசலில் இந்த மாறுநிலை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிவிடும் என்பதால், பிஎச்சை மாறாமல் வைக்கும் பாஸ்ஃபேட் பஃபர் கரைசலில் மார்கழி மத்தியானம்கூட நம்ப முடியாது. குளிரூட்டும் வசதியில்லாத சென்ட்ரிஃப்யூஜ் சுற்றச் சுற்றச் சூடாகும், அதுவும் கணக்கில் வரும். இதையெல்லாம் ஐஸ் பாத் வைத்து, ஒவ்வொரு படியிலும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு சமாளிக்கலாம். கரண்ட் போகும் நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் உடம்பில் இருக்கிறது. மனித உடம்பு 37 டிகிரி. 32-ல் மாறும் பாலிமர் உள்ளே போனவுடனே சுருங்கிவிடும். அதன்பிறகு மருந்தை விடுவிக்க எந்தத் தூண்டலும் மீதியிருக்காது. அக்ரிலமைடு போல நீரை விரும்பும் இன்னொரு மோனமரை (பாலிமரின் அடிப்படை அலகு) சேர்த்து மாறுநிலையை 40, 41-க்கு உயர்த்தலாம், உயர்த்தியும் இருக்கிறார்கள். அப்போது நோயுள்ள இடத்தை மட்டும் வெளியிலிருந்து சூடாக்க வேண்டும். சூட்டுக்குத் திறக்கும் துகள் எவ்வளவு தூரம் போய் நின்றது என்பதற்குத் தெர்மோடாக்ஸ் ஒரு பாடம். அது பாலிமர் அல்ல, கொழுப்புக் குமிழி. கல்லீரல் கட்டியை ரேடியோ அலையால் சுடும்போது அந்தச் சூட்டில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை விடுவிக்க வேண்டும். மூன்றாம் கட்டச் சோதனை 2013-ல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை, அடுத்து நடத்திய பெரிய சோதனையும் 2020-ல் அதே முடிவுக்கு வந்தது. பி-நிப்பாமுக்கோ இன்னும் இரண்டு குறைகள் உண்டு. உடம்பில் அது சிதையாது. எதிர்வினை முடிந்த பிறகு மோனமர் மிச்சம் இருந்தால் அது நரம்புக்கு நச்சு, அதனால் டயாலிசிஸ் செய்து, அதாவது சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைத்து, நன்றாகக் கழுவ வேண்டும்.

வெப்பத்தில்தான் மனது இருக்கிறது என்றால் போலாக்சமர் 407 என்ற பாலிமரைப் பாருங்கள். 4 டிகிரியில் தண்ணீரில் கரைத்து, 18, 20 சதவீதக் கரைசலாக வைத்தால் உடம்புச் சூட்டுக்கு ஜெல்லாக உறையும். துகளை வேறு பாலிமரில் செய்து இந்த ஜெல்லில் கலந்து கண்ணிலோ புண்ணிலோ வைக்கலாம். இங்கே உடம்பின் 37 டிகிரியே தூண்டல், வெளிக்கருவி வேண்டாம். நம் ஊர் மேசையிலேயே உறைந்துவிடாமல் பார்க்க வேண்டும்; ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பிஎச். எந்த பிஎச் வித்தியாசத்தைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரத்தம் 7.4. கட்டியைச் சுற்றியுள்ள திரவம் பெரும்பாலும் 6.5-க்கும் 6.8-க்கும் நடுவில். செல்லுக்குள் துகள் போய் அடையும் லைசோசோம் என்ற செரிமானப் பை 4.5, 5 அளவு. வயிறு 1 முதல் 3 வரை. சிறுகுடல் 6-ல் தொடங்கிக் கடைசிப் பகுதியில் 7.4-ஐ ஒட்டி ஏறுகிறது. இதில் 7.4-க்கும் 6.7-க்கும் நடுவே சட்டென்று திறக்கும் பாலிமரைச் செய்வது தேர்ந்த சின்தசிஸ் ஆட்களுக்கே கடினம். லைசோசோமுக்காக அமிலத்தில் அறுபடும் ஹைட்ரசோன், அசிட்டல் போன்ற பிணைப்புகளைப் போட்டால், பிணைப்பு விழுந்ததா என்று காட்ட மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி வேண்டும். வயிற்றுக்கும் குடலுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமோ நான்கைந்து அலகு. அதற்குப் பாலிமர் கடையிலேயே கிடைக்கிறது. வாய் வழியை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைப் பாலிமர் என்றதும் நம் பக்கத்தில் முதலில் ஞாபகத்துக்கு வருவது கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்து வருவது. தூத்துக்குடியில் இறால் பதப்படுத்துகிறார்கள் என்பதால் இது நம் ஊர்ப் பொருள் என்ற பாசமும் இருக்கிறது. செய்முறையும் எளிது. 1997-ல் ஸ்பெயினில் கால்வோ, அலோன்சோ குழுவினர் வெளியிட்டதைத்தான் இன்றும் எல்லோரும் செய்கிறார்கள். கைட்டோசானை 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து வடிகட்டி, கலக்கியில் சுழலவிட்டு, டிரைபாலிபாஸ்ஃபேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். பிறகு பீக்கரில் மெல்லிய நீலச்சாயல் தட்டும். அதுதான் துகள். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் விட்டால் சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெளுத்து, மறுநாள் அடியில் படிந்துவிடும்.

இவ்வளவு எளிதாக வருவதால் கைட்டோசானில் தவறான முடிவும் எளிதாக வருகிறது. அதன் அமினோ தொகுதிகள் ஏறக்குறைய பிஎச் 6.5-க்குக் கீழேதான் மின்னூட்டத்தோடு இருக்கும். 7.4 பஃபரில் அந்த மின்னூட்டம் போய், துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். டயாலிசிஸ் பைக்குள் கட்டியாகக் கிடப்பதிலிருந்து மருந்து மெதுவாக வரத்தான் செய்யும். அதைப் பார்த்து "7.4-ல் மருந்தைப் பிடித்து வைத்திருக்கிறது, 5-ல் விடுகிறது" என்று எழுதினால் அது துகளின் குணமாகாது. இதற்கு மேல் டாக்சோரூபிசினைப் போட்டால் இன்னும் குழப்பம். அந்த மருந்து அமிலத்தில் தானாகவே கூடுதலாகக் கரையும். எந்தத் தூண்டலுக்கும் மசியாத ஒரு சாதாரணத் துகளில் ஏற்றினாலும் பிஎச் 5-ல் வேகமாகத்தான் வெளியே வரும். ஆகவே கைட்டோசான் எடுப்பவர்கள் ஒவ்வொரு பிஎச்சிலும் துகளின் அளவை அளந்து காட்ட வேண்டும். தூண்டலுக்கு அசையாத ஒரு துகளையும், துகளே இல்லாமல் வெறும் மருந்தையும் அதே மாதிரிப் பைகளில் தனித்தனியாக ஓடவிட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டும். வாங்கும்போது அசிட்டைல் நீக்க அளவும் மூலக்கூறு எடையும் எழுதிய சான்றிதழோடு வாங்குங்கள். ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் இவை மாறினால் துகளும் மாறும்.

நான் முதல் இடம் கொடுப்பது யூட்ராகிட் வகைக்கு. 1950-களிலிருந்து மாத்திரைப் பூச்சில் இருக்கும் மெதக்ரிலேட் பாலிமர்கள் இவை. இதில் எல்100-55 என்ற ரகம் பிஎச் 5.5-க்கு மேலும், எல்100 6-க்கு மேலும், எஸ்100 7-க்கு மேலும் கரையும். பெருங்குடல் புண்ணுக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பக்கத்து மருந்துக்கடைகளில் வாங்கும் மெசலமைன் மாத்திரைகளில் இந்த மாதிரிப் பூச்சு உண்டு. அப்படியானால் பூச்சு மாத்திரை இருக்கும்போது நானோ துகள் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2001-ல் லாம்ப்ரெக்ட் குழுவினர் பெருங்குடல் அழற்சியுள்ள எலிகளுக்கு மூன்று அளவுத் துகள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீங்கிய திசுவில் அதிகம் ஒட்டியது 0.1 மைக்ரோமீட்டர் அளவுள்ளது, அதாவது 100 நானோமீட்டர். வயிற்றுப்போக்கில் பெரிய மாத்திரை அடித்துக்கொண்டு போகும் இடத்தில், சிறிய துகள் புண்ணிலேயே தங்குகிறது.

இங்கே பல பேர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எஸ்100-ஐ மட்டும் வைத்துத் துகள் செய்தால், சிறுகுடலின் கடைசியில் 7.4-ஐத் தொட்டவுடன் அது முழுசாகக் கரைந்துவிடும். பெருங்குடலுக்குள் நுழையும்போது ஒட்டுவதற்குத் துகளே இருக்காது. லாம்ப்ரெக்ட் காட்டிய பலனும் அதோடு போய்விடும். அதனால் கரையாத இன்னொரு பாலிமரைக் கலக்க வேண்டும். லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்களால் ஆன பிஎல்ஜிஏ என்ற பாலிமரைக் கலந்தால் எஸ்100 கரைந்து வழிவிடும், பிஎல்ஜிஏ துகளாக நின்று மெதுவாக மருந்தை விடும். இரண்டும் அசிட்டோனில் கரையும். மருந்தோடு கரைத்து, பாலிவினைல் ஆல்கஹால் போட்ட தண்ணீரில் விட்டால் துகள் உண்டாகும். அசிட்டோனை ஆவியாக விட்டுவிடலாம். பிஎல்ஜிஏ விலை அதிகம். உலர்ந்த நிலையிலேயே 45, 50 டிகிரியில் இளகும், ஈரம் ஏறினால் அதற்கும் கீழே இளகும். ஆகவே நம் ஊர் வெயிலில் கூரியரில் வரும் பார்சலை வாங்கிய கையோடு ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அது முடியாதவர்கள் எத்தில் செல்லுலோஸைப் பார்க்கலாம், மலிவு. அதோடு, துகள் சிறிதாகச் சிறிதாக மேற்பரப்பு கூடும், அமிலத்திலேயே கொஞ்சம் மருந்து கசியும். பிஎச் 1.2-ல் இரண்டு மணி நேரம் வைத்துக் கசிவை அளந்து உள்ளபடி எழுதுங்கள். கசிவு அதிகமென்றால் துகளை உலர்த்திக் குடலில் கரையும் கேப்ஸ்யூலில் போடலாம்.

குளுட்டாதயோன் எனக்குப் பிடித்த இரண்டாவது தேர்வு, வேதியியல் பிள்ளைகளுக்கு முதலாவதாகவே இருக்கலாம். செல்லுக்கு வெளியே இது 2 முதல் 20 மைக்ரோமோலார், உள்ளே 2 முதல் 10 மில்லிமோலார். பிஎச் வித்தியாசம் போல இழுபறி இல்லை, நூறு மடங்குக்குக் குறையாத வித்தியாசம். டைசல்ஃபைடு பிணைப்பால் (இரண்டு கந்தக அணுக்களுக்கு நடுவில் உள்ள பிணைப்பு) குறுக்குக் கட்டிய துகள் செல்லுக்குள் போனால் பிணைப்பு அறுந்து பிரிந்துவிடும். இதில் ஒப்பீட்டுத் துகள் செய்வதும் சுலபம்: சிஸ்டமைன் உள்ள குறுக்கிணைப்பியில் ஒரு துகள், கந்தகமில்லாத மெத்திலீன் பிஸ்அக்ரிலமைடில் இன்னொரு துகள், மற்றதெல்லாம் ஒன்றுதான். முதலாவது திறந்து இரண்டாவது திறக்கவில்லை என்றால் வேலை செய்தது டைசல்ஃபைடுதான், வாதமே வேண்டாம். பிணைப்பு அறுந்து உண்டாகும் தயால் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி) அளவை, குளுட்டாதயோனும் தயால்தான் என்பதால் மீதியுள்ள அதைக் கழுவி நீக்கியபின், தயாலோடு சேர்ந்து மஞ்சளாகும் எல்மன் வினைப்பொருள் போட்டு 412 நானோமீட்டரில் நம் யூவியிலேயே அளக்கலாம். குளுட்டாதயோன் கரைசல் காற்றில் ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும் என்பதால் அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். இதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். செல்லுக்குள் விழுங்கப்பட்ட துகள் முதலில் எண்டோசோம் பைக்குள் மாட்டிக்கொள்கிறது. குளுட்டாதயோன் நிறைந்திருப்பது பைக்கு வெளியே, செல்லின் உள்திரவமான சைட்டோசோலில். பையிலிருந்து துகள் எப்படித் தப்பும் என்பதற்கு உங்களிடம் ஒரு யோசனை இருக்க வேண்டும்.

என்சைமைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. பெருங்குடல் பாக்டீரியாவால் உடைவது புதிய யோசனையும் அல்ல. 1940-களிலிருந்து இருக்கும் சல்ஃபாசலசின் மருந்தே அதன் அசோ பிணைப்பு (இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவில் உள்ளது) அங்கே உடைந்துதான் வேலை செய்கிறது. பெக்டின், கொத்தவரையின் குவார் கோந்து இரண்டும் மலிவான நல்ல பொருள்கள். ஆனால் சோதனைக்கு எலியின் குடல் உள்ளடக்கம் வேண்டும், அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முதுநிலைப் படிப்புக்குள் அது கடினம். பிஎச்.டி. பதிவு செய்பவர் எடுக்கலாம், அதுவும் பிஎச்சோடு சேர்த்து எடுப்பது நல்லது. குடல் நோய் தீவிரமாக இருக்கும்போது பெருங்குடலின் பிஎச் சிலருக்குக் குறைந்துவிடுவதால், எஸ்100-ஐ மட்டும் நம்பினால் பூச்சு திறக்காமலே போகலாம். பாக்டீரியா என்சைமையும் சேர்த்தால் ஒன்று தவறினாலும் மற்றது திறக்கும். இரண்டு தூண்டல்களைச் சேர்ப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் நியாயமான காரணம் இது. இங்கே இரண்டும் ஒரே இடத்துக்கு, ஒரே நோய்க்கு.

ஒளியும் காந்தமும் இப்போதைக்கு வேண்டாம். புற ஊதாக் கதிர் தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது, அகச்சிவப்புக்கு லேசர் வேண்டும். காந்தத்தில் துகளைச் சூடாக்க மாறுதிசைப் புலம் தரும் கருவி வேண்டும். மேசைக் காந்தத்தை பாட்டிலின் பக்கத்தில் வைத்தால் துகள் ஓரமாக ஒதுங்கும், மருந்தை விடாது.

எம்.பார்ம் மாணவர் யூட்ராகிட் எஸ்100 கலவைத் துகளையும், எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவர் டைசல்ஃபைடையும் எடுக்கட்டும். வெப்பம் வேண்டுமென்றால் நாள் முழுக்க ஏசி ஓடும் அறை இருப்பவர் எடுக்கட்டும்.

கடைசியாக, துகளுக்குள் எந்த மருந்தைப் போடுவது என்பது. நம் பிள்ளைகள் கை தானாக மஞ்சளின் குர்குமினுக்குத்தான் போகிறது. மலிவு, நிறம் தெரியும், ஈரோட்டிலேயே விளைகிறது. ஆனால் பிஎச் 7.2 பஃபரில் 37 டிகிரியில் வைத்தால் குர்குமினில் 90 சதவீதம் அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும் என்று 1997-லேயே காட்டிவிட்டார்கள். சிதைந்தது யூவியில் தெரியாது, "7.4-ல் குறைவாகத்தான் வெளியே வந்தது" என்று அது தோற்றம் காட்டும். பிஎச் துகளுக்கு பிரெட்னிசோலோன் போடுங்கள். அதில் அயனியாகும் தொகுதி கிடையாது என்பதால் பிஎச் மாறினாலும் கரைதிறன் மாறாது, 247 நானோமீட்டரை ஒட்டி அளக்கலாம், குடல் அழற்சிக்கு உண்மையாகவே கொடுக்கிற மருந்து. பாலிமரும் அந்த அலைநீளத்தில் கொஞ்சம் காட்டும். அதனால் மருந்து ஏற்றாத வெற்றுத் துகளை அதே பஃபரில் வைத்து, ஒவ்வொரு அளவீட்டிலும் அதைக் கழித்துவிட்டுக் கணக்கு எழுதுங்கள்.